நிணநீர்க்கணுச் செல்களில் புரதம் வெட்டும் நொதிகளை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நிணநீர்க்கணுத் திசுவை அரைத்து, ஏதோ ஒரு நொதி புற்றுநோயில் அதிகம் என்று எழுதிவிடுவது சுலபம். அந்த நொதி எந்தச் செல்லுக்குள் இருந்தது, அங்கே உண்மையிலேயே புரதத்தை வெட்டிக்கொண்டிருந்ததா என்று யாராவது கேட்டால்தான் சிக்கல் தொடங்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கும் ஆய்வுதான் நிற்கும். லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய் பற்றிய ஆய்வில் இறங்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோய்க்குறியியல் துறையில் ஸ்லைடு பார்ப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

முதலில், நல்ல கணுவில் இந்த நொதிகளுக்கு என்ன வேலை?

புரதம் வெட்டும் நொதிகளைப் பொதுவாகப் புரோட்டியேஸ் என்கிறோம். நோய் எதிர்ப்புச் செல்களில் இவை வெறும் குப்பை அகற்றும் நொதிகள் அல்ல. நோய் எதிர்ப்பின் முக்கியமான முடிவுகள் பலவும் ஒரு வெட்டில்தான் நிகழ்கின்றன.

பி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே இழுத்த புரதத்தை லைசோசோம் என்ற அமிலப் பையில் துண்டாக்கி, துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகை மூலக்கூறில் ஏற்றி, சிடி4 என்ற மேற்பரப்பு அடையாளம் கொண்ட டி செல்லிடம் காட்டுவது அதன் வேலை. ஏற்றும் இடத்தை அதுவரை சிடி74 என்ற புரதம் அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் படிப்படியாக நறுக்கி, கடைசியில் கிளிப் என்ற சிறு துண்டை மட்டும் விட்டுவைப்பதில், கேத்தெப்சின்கள் என்ற லைசோசோம் புரோட்டியேஸ்களில் ஒன்றான கேத்தெப்சின் எஸ் முக்கியப் பங்கு வகிக்கிறது. கேத்தெப்சின் பி, எல் இரண்டும் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். நடுநிலை பிஎச்சில் சீக்கிரம் செத்துவிடும். கேத்தெப்சின் எஸ் நடுநிலையிலும் தாக்குப்பிடிக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

செல்லுக்குள்ளேயே உருவாகும் புரதங்களை வெட்டுவது புரோட்டியாசோம். இன்டர்ஃபெரான்-காமா கிடைத்தால் அதன் மூன்று வெட்டும் உறுப்புகளும் மாற்றப்பட்டு இம்யூனோபுரோட்டியாசோம் ஆகிறது. லிம்பாய்டு செல்களில் இந்த மாற்று வடிவம் சாதாரண நிலையிலேயே நிறைய இருக்கும். கொல்லும் டி செல்லிலும் என்கே (இயற்கைக் கொல்லி) செல்லிலும் கிரான்சைம்கள் என்ற கொல்லும் புரோட்டியேஸ்கள் துகள்களுக்குள் காத்திருக்கின்றன. மால்ட்-1 என்ற நொதி, பி, டி செல்களின் ஏற்பிகள் தூண்டப்படும்போது விழித்து, ஏ20, சிவைஎல்டி போன்ற தடுப்புப் புரதங்களை வெட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோய்க்குறியியல் மருத்துவர்கள் தினமும் சாயமேற்றிப் பார்க்கும் பல அடையாளங்கள் தாமே புரோட்டியேஸ்கள். ஃபாலிகுலர் லிம்போமாவைக் கண்டுபிடிக்க உதவும் சிடி10 என்பது நெப்ரிலைசின் என்ற துத்தநாக நொதி. சிடி13 ஓர் அமினோபெப்டிடேஸ். டி செல் புற்றான செசாரி நோயில் அந்தச் செல்கள் இழந்துவிடும் சிடி26 என்பது, சர்க்கரை நோய் மாத்திரைகளான கிளிப்டின்கள் தடுக்கும் அதே டிபிபி-4. மாஸ்ட் செல்லைக் காட்டும் டிரிப்டேஸும் அப்படியே. நொதி என்ற நினைப்பே இல்லாமல் இவற்றைப் பெயர்ப்பலகையாக மட்டும் பயன்படுத்திவருகிறோம். இவை உண்மையில் என்ன வெட்டுகின்றன என்று பார்க்க நிறைய இடம் இருக்கிறது.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"லிம்போமாவில் புரோட்டியேஸ்கள்" என்பது கேள்வியே அல்ல. "ஃபாலிகுலர் லிம்போமாவின் சிடி10 உள்ள பி செல்களில், கேத்தெப்சின் எஸ்ஸின் செயல், டான்சிலின் ஜெர்மினல் சென்டர் பி செல்களைவிட அதிகமா?" என்பது கேள்வி. (தூண்டப்பட்ட பி செல்கள் பெருகும் இடம்தான் ஜெர்மினல் சென்டர்.) ஒரு நொதி, ஒரு செல், ஓர் ஒப்பீடு. இதை ஒரே வரியில் எழுத முடியாதவரை திசு கேட்டு யாரிடமும் போகாதீர்கள்.

படி 2: எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

பலரும் சறுக்கும் இடம் இது. ஆரோக்கியமான ஆளிடமிருந்து நிணநீர்க்கணுவை யாரும் வெட்டித் தரமாட்டார்கள். கையில் கிடைப்பது, அறுவையில் அகற்றிய டான்சில் அல்லது வீக்கத்துக்காக எடுத்து, புற்று இல்லை என்று தெரிந்த கணு. இரண்டுமே ஏற்கெனவே தூண்டப்பட்ட திசுக்கள். அவற்றை "இயல்பானவை" என்று எழுதாமல் "எதிர்வினைத் திசு" என்றே எழுதுங்கள்.

ரத்தத்தில் கிடைக்கும் பி செல்லோடு ஒப்பிடுவது இன்னும் மோசம். அது பெரும்பாலும் ஓய்வில் இருக்கும் செல். ஃபாலிகுலர் லிம்போமா, பர்கிட் லிம்போமா இரண்டுக்கும் பொருத்தமான ஒப்பீடு டான்சிலின் ஜெர்மினல் சென்டர் பி செல்தான். மேன்டில் செல் லிம்போமாவுக்கு ஐஜிடி என்ற ஆன்டிபாடி வகையை மேற்பரப்பில் கொண்ட, இன்னும் தூண்டப்படாத பி செல்கள் பொருந்தும். பிளாஸ்மா செல்லின் புற்றான மைலோமாவுக்கு நல்ல பிளாஸ்மா செல். இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், புற்றுநோயின் விளைவு என்று நினைத்த பாதி வேறுபாடு காணாமல் போய்விடும். மீதி நிற்பதுதான் எழுதத் தகுந்தது.

படி 3: திசு கைக்கு வந்தவுடன்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் முன்பே கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள் உண்டு. திசுவின் முதல் உரிமை நோயறிதலுக்கே. லிம்போமாவை வகைப்படுத்தக் கணுவின் முழு அமைப்பும் தேவைப்படும், அதனால் நோய்க்குறியியல் மருத்துவர் தமக்கு வேண்டியதை எடுத்தபிறகு மிஞ்சுவதுதான் நமக்கு.

மிஞ்சியதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பகுதி ஃபார்மலினுக்கு. இதில் நொதியின் செயல் போய்விடும், இடம் மட்டும் தெரியும். இன்னொன்று உடனே திரவ நைட்ரஜனில். மூன்றாவது, பனிக்கட்டியில் வைத்த ஆர்பிஎம்ஐ ஊடகத்தில், செல் பிரிப்பதற்கு. அறுவையில் எடுத்த நேரத்தையும் உங்கள் மேசைக்கு வந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். பழக்கத்தில் கை தானாகப் புரோட்டியேஸ் தடுப்பான் கலவையைச் சேர்த்துவிடும். இங்கே அது கூடாது. அதில் லியூபெப்டின், இ-64, பெப்ஸ்டாட்டின் எல்லாம் இருக்கும். நீங்கள் அளக்க வந்த நொதியை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டுவதற்குக் காசநோய் முக்கியமான காரணம். நோயறிதல் முடியாத கணு எதையும் இரண்டாம் வகை உயிர்ப் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள்.

படி 4: செல்களைப் பிரித்தல்

கல்லீரல், தோல் போன்ற திசுக்களைப் பிரிக்கக் கொலாஜனேஸ் போடுவது வழக்கம். நிணநீர்க்கணுவிலிருந்து லிம்போசைட் எடுக்க அது தேவையில்லை. ஒரு பெட்ரி தட்டில் கத்தியால் நறுக்கி, 70 மைக்ரான் வலை வழியே சிரிஞ்சின் பிஸ்டனால் மெதுவாகத் தேய்த்தாலே செல்கள் உதிரும். விற்கப்படும் கொலாஜனேஸ் பொடிகளில் டிரிப்சின் போன்ற வேறு நொதிகளும் கலந்திருக்கும். அவை மேற்பரப்பு அடையாளங்களை அரித்துவிடும், உங்கள் அளவீட்டிலும் புகுந்துவிடும். புரோட்டியேஸை அளக்கப்போகும் மாதிரியில் வெளியிலிருந்து புரோட்டியேஸ் சேர்ப்பதில் அர்த்தமில்லை. ஆனால் மேக்ரோஃபேஜும் ஃபாலிகுலர் டென்ட்ரைட்டிக் செல்லும் திசுவோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. தேய்த்தால் சரியாக வராது. அவைதான் வேண்டும் என்றால் கொலாஜனேஸைத் தவிர்க்க முடியாது. அப்போது ஒப்பீட்டு மாதிரிக்கும் அதே தொகுப்பு எண் உள்ள பொடியை, அதே நேரம் போடுங்கள்.

அடுத்து 1.077 அடர்த்தியுள்ள ஃபிகாலில் சுழற்றினால் நியூட்ரோஃபில்களும் சிவப்பணுக்களும் கீழே போய்விடும். நியூட்ரோஃபில் போவது முக்கியம். அதன் துகள்களில் எலாஸ்டேஸ், கேத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ்-3 நிறைந்திருக்கின்றன. கொஞ்சம் கலந்தாலும், செயல்மையத்தில் செரின் என்ற அமினோ அமிலம் கொண்ட செரின் வகை நொதிகளின் அளவீடு முழுக்கப் பொய்யாகிவிடும்.

டிரைபான் புளூவில் உயிருள்ள செல்களை எண்ணிவிட்டு, காந்த மணிகளிலோ ஃபுளோ சார்ட்டரிலோ பிரியுங்கள். பி செல்லுக்கு சிடி19, டி செல்லுக்கு சிடி3, மேக்ரோஃபேஜ் வகைக்கு சிடி14. லிம்போமா மாதிரியிலும் நல்ல பி செல்கள் கலந்தே இருக்கும். ஆன்டிபாடியின் கப்பா, லாம்டா சங்கிலிகளில் ஒன்று மட்டும் இருக்கும் கூட்டம் எது என்று பார்த்து, அதையே புற்றுச் செல் என்று எடுக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மேக்ரோஃபேஜின் கேத்தெப்சின் செயல் ஒரு பி செல்லைப் போல 30 மடங்கு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு செல்லில் 97 பி செல், 3 மேக்ரோஃபேஜ். பி செல்களின் பங்கு 97, மேக்ரோஃபேஜின் பங்கு 90. மூன்றே மூன்று சதவீதச் செல்கள் கிட்டத்தட்டப் பாதி அளவீட்டைத் தந்துவிடுகின்றன! பர்கிட் லிம்போமாவின் ஸ்லைடில் கருநீலப் பரப்புக்கு நடுவே வெளிறிய புள்ளிகளாக, நட்சத்திர வானம் போலத் தெரிவது செத்த செல்களை விழுங்கிக்கொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ்கள். அவற்றின் லைசோசோம்கள் கேத்தெப்சினால் நிரம்பியவை. அந்தத் திசுவை முழுசாக அரைத்து அளந்தால் கிடைப்பது புற்றுச் செல்லின் கதையாக இருக்காது.

படி 5: செல்லை உடைத்தல்

ஒரே கரைசலில் எல்லா நொதியையும் அளக்க முடியாது. புரோட்டியாசோமுக்கு பிஎச் 7.5, கொஞ்சம் கிளிசரால், மக்னீசியம், ஏடிபி, டிஜிட்டோனின் போன்ற மென்மையான சோப்பு. ஏடிபி இல்லாவிட்டால் புரோட்டியாசோமின் முழு வடிவமான 26எஸ் கழன்று போகும். கேத்தெப்சின் பி, எல் இரண்டுக்கும் பிஎச் 5.5 அசிடேட் கரைசல், இடிடிஏ, டிடிடி. சிஸ்டீன் வகை நொதிகளின் செயல்மையத்தில் உள்ள கந்தகம் ஆக்சிஜனேறாமல் இருந்தால்தான் வேலை செய்யும், அதற்குத்தான் டிடிடி. கேத்தெப்சின் டி வேறு ரகம், அதற்கு பிஎச் 4-க்குப் பக்கத்தில் போக வேண்டும். புரத அளவை பிசிஏ முறையில் பார்ப்பதாக இருந்தால் டிடிடி சேர்க்கும் முன்பே பாருங்கள், டிடிடி அந்த வினையைக் கெடுக்கும்.

இங்கே பலருக்குத் தோன்றாத ஒரு விஷயம் உண்டு. கேத்தெப்சின் லைசோசோமுக்குள் இருக்கிறது. அதைத் தடுக்கும் சிஸ்டேட்டின் என்ற புரதங்களில் சில லைசோசோமுக்கு வெளியே, செல் திரவத்தில் (சைட்டோசால்) இருக்கின்றன. உயிருள்ள செல்லில் இரண்டும் சந்திப்பதில்லை. செல்லை உடைத்த நொடியில் சந்தித்துவிடும். ஃபாலிகுலர் டென்ட்ரைட்டிக் செல்களில் சிஸ்டேட்டின் ஏ உண்டு. அவை நிறைந்த திசுவை முழுசாக அரைத்தால் பி செல்லின் கேத்தெப்சின் செயல் குறைவாகத் தெரியக்கூடும். நான்காம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

படி 6: ஒளிரும் துணுக்கால் அளத்தல்

நொதி வெட்டக்கூடிய சிறு பெப்டைடின் வாலில் ஏஎம்சி என்ற மூலக்கூறை ஒட்டியிருப்பார்கள். வெட்டு விழுந்ததும் அது விடுபட்டு ஒளிரும். சுமார் 380 நானோமீட்டரில் தூண்டி, 460-ல் படிக்கலாம். கறுப்பு நிற 96 குழித் தட்டு, 37 டிகிரி, நிமிடத்துக்கு ஒரு முறை படிப்பு, மொத்தம் அரை மணி நேரம் போதும். கடைசிப் புள்ளியை மட்டும் படிக்காதீர்கள். நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வுதான் வேண்டும்.

புரோட்டியாசோமின் கைமோடிரிப்சின் வகைச் செயலுக்கு சக்-எல்எல்விஒய்-ஏஎம்சி. கேத்தெப்சின் பி-க்கு இசட்-ஆர்ஆர்-ஏஎம்சி. இசட்-எஃப்ஆர்-ஏஎம்சியை கேத்தெப்சின் பி, எல் இரண்டும் வெட்டும். கேத்தெப்சின் எஸ்ஸுக்கு இசட்-விவிஆர்-ஏஎம்சி. ஆனால் இதையும் மற்ற கேத்தெப்சின்கள் வெட்டுவதால், கரைசலை முதலில் பிஎச் 7.5-ல், 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பி, எல் இரண்டும் செயலிழந்துவிடும், எஸ் மிஞ்சும். பழைய முறைதான், இன்றும் நம்பலாம். கிரான்சைம் பி-க்கு ஏசி-ஐஇபிடி-ஏஎம்சி. அது அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்து வெட்டும் அபூர்வமான செரின் நொதி. கேஸ்பேஸ்களும் அதே இடத்தில் வெட்டுபவை என்பதால், செத்துக்கொண்டிருக்கும் செல்கள் கலந்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

எந்தத் துணுக்கும் ஒரே நொதிக்குச் சொந்தமானது அல்ல. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் தடுப்பான் சேர்த்த இணைக்குழி கட்டாயம்: புரோட்டியாசோமுக்கு எபோக்சோமைசின், கேத்தெப்சின் பி-க்கு சிஏ-074, சிஸ்டீன் வகை மொத்தத்துக்கும் இ-64, அஸ்பார்டிக் வகைக்கு பெப்ஸ்டாட்டின். தடுப்பானால் நின்றுபோன பகுதி மட்டுமே உங்கள் நொதியின் செயல்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஏஎம்சி அளவுகோட்டில் 1 பைகோமோலுக்கு 20 ஒளி அலகு என்று வந்திருக்கிறது. 10 மைக்ரோகிராம் புரதம் போட்ட குழியில் சாய்வு நிமிடத்துக்கு 600 அலகு, இ-64 சேர்த்த குழியில் 150. வித்தியாசம் 450. அதை 20 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 22.5 பைகோமோல். புரதத்தால் வகுத்தால் ஒரு மைக்ரோகிராமுக்கு 2.25. இதே எண்ணை பத்து லட்சம் செல்லுக்கு எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். பெரிய செல் லிம்போமாவில் ஒவ்வொரு செல்லிலும் புரதம் அதிகம் இருக்கும். இரண்டு எண்களும் ஒரே திசையில் போனால் நிம்மதி, போகாவிட்டால் இரண்டையும் வெளியிடுங்கள்.

படி 7: முதிராத வடிவமா, வெட்டும் வடிவமா?

கேத்தெப்சின் எஸ் பிறக்கும்போது உறையில் போட்ட கத்தி. முன்துண்டு ஒன்று செயல்மையத்தை மூடியிருக்கும். அது வெட்டுப்பட்டால்தான் வேலை தொடங்கும். எம்ஆர்என்ஏ அளவோ மொத்தப் புரத அளவோ இதைச் சொல்லாது. வெஸ்டர்ன் பிளாட்டில் முதிராத வடிவமும் முதிர்ந்த வடிவமும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும், இரண்டின் விகிதத்தை எடுங்கள்.

இன்னும் நேரடியான வழி, செயல்மையத்தோடு மட்டும் பிணைந்து ஒட்டிக்கொள்ளும் புரோப். இ-64 மூலக்கூறிலிருந்து உருவான டிசிஜி-04 அப்படிப்பட்டது, பயோட்டின் வால் கொண்டது. உறையில் இருக்கும் நொதியோடும், சிஸ்டேட்டின் பிடித்துவைத்திருக்கும் நொதியோடும் அது ஒட்டாது. ஜெல்லில் ஓட்டினால் கேத்தெப்சின் பி, எஸ், எல் எல்லாம் அளவு வாரியாகப் பிரியும். ஏஎம்சி அளவீடு மொத்தமாகச் சொன்னதை இது ஆள்வாரியாகச் சொல்லும். நிதி குறைவாக இருந்தால் மற்றதைச் சுருக்கியாவது இதைச் செய்யுங்கள் என்பேன்.

மால்ட்-1-க்கு இன்னொரு வழி இருக்கிறது. அதன் இரைகளான பிசிஎல்10, ரெல்பி, ஏ20 வெட்டுப்பட்ட துண்டுகளாகக் கிடக்கின்றனவா என்று பிளாட்டில் பாருங்கள். செல்லுக்குள் வெட்டு நடந்ததற்கு அதைவிட நேரடியான சாட்சி இல்லை.

படி 8: ஸ்லைடில் இடம் பார்த்தல்

ஃபார்மலின் திசுவில் ஆன்டிபாடி போட்டு, பக்கத்து வெட்டில் சிடி20 (பி செல்), சிடி3 (டி செல்), சிடி68 (மேக்ரோஃபேஜ்) போடுங்கள். கேத்தெப்சின் சாயம் சிடி68 செல்களோடு ஒத்துப்போகிறதா, சிடி20 செல்களோடா என்று பாருங்கள். ஒரே வெட்டில் இரட்டைச் சாயம் முடிந்தால் இன்னும் நல்லது. கிரான்சைம் பி சாயம் எப்போதும் துகள் துகளாக இருக்க வேண்டும். செல் முழுக்கப் பூசியதுபோல் இருந்தால் நம்பாதீர்கள். மூக்குப் பகுதியில் வரும் என்கே/டி செல் லிம்போமாவில் அது புற்றுச் செல்லுக்குள்ளேயே இருக்கும். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் பெரும்பாலும் சுற்றி நிற்கும் டி செல்களில் இருக்கும். திசு முழுவதுக்கும் எடுத்த எண் இந்த இரண்டையும் வேறுபடுத்தாது.

படி 9: எண்களைப் படித்தல்

இதுவரை தெரிந்த நான்கு கதைகளை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் எண்களைப் பாருங்கள். நான்கிலும் நல்ல கணுவில் நடக்கும் வேலையே திசை மாறியிருப்பது தெரியும்.

மைலோமாவில் பிளாஸ்மா செல் ஓயாமல் ஆன்டிபாடி தயாரிக்கிறது. தவறாக மடிந்த புரதங்கள் குவிகின்றன. புரோட்டியாசோமை நம்பியே அது உயிர் வாழ்கிறது. அந்த பலவீனத்தைத்தான் போர்டெசோமிப் என்ற மருந்து தாக்குகிறது. அமெரிக்காவில் 2003-ல் மைலோமாவுக்கும், 2006-ல் மேன்டில் செல் லிம்போமாவுக்கும் அனுமதி கிடைத்தது. இங்கே நொதி கெட்டுப்போகவில்லை. அதன் மீதான சுமைதான் கூடியிருக்கிறது. எனவே புரோட்டியாசோம் செயலை மட்டும் அளந்து, "அதிகம் இல்லையே" என்று விட்டுவிட்டால் விஷயமே தவறிப்போகும்.

இரைப்பை போன்ற உறுப்புகளின் சளிச்சவ்வில் வரும் மால்ட் லிம்போமாவில் 11, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, மால்ட்-1 ஓர் இணைப்புப் புரதமாகி எப்போதும் விழித்திருக்கிறது. இந்த மாற்றம் உள்ள இரைப்பை லிம்போமா, ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்தாலும் பொதுவாகக் கரைவதில்லை. தூண்டப்பட்ட பி செல்லை ஒத்த ஏபிசி வகைப் பெரிய பி செல் லிம்போமாவும் மால்ட்-1 வெட்டை நம்பியிருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் இன்னொரு விதம். லெகுமெயின் என்ற லைசோசோம் நொதி, நல்ல பி செல்லில் ஆன்டிஜனை நறுக்க உதவுகிறது. புற்றுச் செல்லில் அதே நொதி, சிகிச்சைக்குக் கொடுக்கும் அஸ்பாரஜினேஸ் மருந்தையே வெட்டிப்போடுகிறது என்று 2009-ல் காட்டினார்கள். மருந்தும் ஒரு புரதம்தானே!

நான்காவது, கேத்தெப்சின் எஸ். 2020-ல் வெளியான ஆய்வொன்றில் ஃபாலிகுலர் லிம்போமா 305 மாதிரிகளில் 19-ல், அதாவது 6 சதவீதத்தில், கேத்தெப்சின் எஸ்ஸின் 132-ஆம் இடத்து டைரோசின் மாறியிருந்தது. இன்னும் 13 சதவீதத்தில் அந்த மரபணுவின் பிரதிகள் பெருகியிருந்தன. திரிபுற்ற நொதி வேகமாகத் தன் முன்துண்டை வெட்டிக்கொண்டு செயலுக்கு வருகிறது, சிடி74-ஐ அதிகமாக நறுக்குகிறது, சிடி4 டி செல்களைக் கட்டிக்குள் இழுக்கிறது. எலிகளில் அந்தச் சூழல் கட்டியை வளர்த்தது. ஆனால் வழக்கமான இம்யூனோகீமோதெரபி பெற்ற நோயாளிகளில், இந்த நொதி மிகையாக இயங்கியவர்களுக்குச் சிகிச்சை நன்றாகவே பலித்தது. செயல் அதிகம் என்பதால் மோசம் என்று அவசரப்பட்டு எழுதக் கூடாது.

எனவே உங்கள் மாதிரி ஒன்றில், பிரித்தெடுத்த புற்றுச் செல்களிலேயே கேத்தெப்சின் எஸ்ஸின் செயல் ஏறியிருந்தால், அடுத்து செய்ய வேண்டியது இதுதான். 132-ஆம் இடத்தை வரிசைப்படுத்துங்கள். மரபணுப் பிரதி எண்ணிக்கையைப் பாருங்கள். முதிராத, முதிர்ந்த பட்டைகளின் விகிதத்தை எடுங்கள். அதே கட்டியின் ஸ்லைடில் புற்றுச் செல்களுக்கு நடுவே எத்தனை சிடி4 செல்கள் என்று எண்ணுங்கள். அப்புறம், நோயாளிக்கு என்ன சிகிச்சை தரப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்டு, அதே அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் எழுதிவையுங்கள்.